நல்ல நிதி ஆலோசகர் யார்?

ரங்கநாதன் தெருவில் ஒரு பிரஷர் குக்கர் வாங்க வேண்டும் என்றால் நாலு கடை ஏறி இறங்கி, விலை விசாரித்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, கேரண்டி அட்டையில் கடை முத்திரை குத்தச் சொல்லி வாங்குவதுதான் நம் ஊர் வழக்கம். அதே குடும்பம், முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பி.எஃப். பணத்தை முதலீடு செய்யும்போது மட்டும் என்ன செய்கிறது? 'தெரிந்தவர்', 'தூரத்துச் சொந்தம்', 'பேங்க்கில் இருக்கும் தம்பி' என்று யாரோ ஒருவர் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்குக் காபியும் கொடுத்து அனுப்புகிறது!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன ஊர் இது. ஆனால் பண விஷயத்தில் யாருடைய பேச்சைக் கேட்பது என்பதில் அந்த அளவுகோலைக் காணோம்.

நிதித் திட்டமிடல் என்பது பணக்காரர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. உண்மையில் பணக்காரர்களுக்கு ஒரு முதலீடு தவறினால் இன்னொன்று இருக்கும். ஒரே ஒரு முறை கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் மொத்தமாகக் கையில் வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில் அதிக கவனம் தேவைப்படுவது நடுத்தரக் குடும்பத்துக்குத்தான். என்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

கல்யாணத் தரகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கொண்டு வரும் எல்லா வரனும் 'தங்கமான பையன்'தான். ஏனென்றால் கல்யாணம் நடந்தால்தான் அவருக்குக் காசு. 'இந்தப் பையன் வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் பெண் படிக்கட்டும்' என்று சொல்லும் தரகரை யாராவது பார்த்திருக்கிறார்களா? பொருளை விற்றால்தான் வருமானம் என்று இருக்கும் நிதி ஆலோசகரின் நிலைமையும் அதேதான்.

இந்தியாவில் 'ஆலோசகர்' என்ற பெயரில் வீட்டுக்கு வருபவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின் கீழ் வருபவர். பாலிசி விற்றால் கம்பெனி அவருக்குக் கமிஷன் தரும்.

இரண்டாவது வகை மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். இவரிடம் ஏ.ஆர்.என். என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும். ஃபண்ட் நிறுவனம் இவருக்கு வருடா வருடம் கமிஷன் தரும். வங்கியின் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' செய்வதும் வங்கியின் சார்பில் இதே விற்பனை வேலைதான். டை கட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது வகை, செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். இவருடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்று ஆரம்பிக்கும். இவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே ஃபீஸ் வாங்க வேண்டும். 2013ஆம் ஆண்டு செபி கொண்டு வந்த விதிமுறைப்படி, வாடிக்கையாளரின் நலனை முன்வைத்து நடக்க வேண்டிய நம்பிக்கைப் பொறுப்பு இவருக்கு உண்டு. 2020இல் இந்த விதிகள் இறுக்கப்பட்டன. ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, பொருளையும் விற்றுக் கமிஷன் வாங்க முடியாது. பதிவு பெறாத விற்பனையாளர்கள் 'சுதந்திர நிதி ஆலோசகர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பட்டங்களைப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

கமிஷன் வாங்குவது குற்றமா? இல்லவே இல்லை. ஆனால் கமிஷன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பேச்சு இருக்கும் என்பது மனித இயல்பு. இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு.

பி.பி.எஃப்., மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இரண்டுக்கும் முன்பு ஏஜென்ட் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பரில் அரசு அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு யாராவது வீடு தேடி வந்து 'சார், மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுங்கள்' என்று சொன்னதுண்டா? சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடம் 40 லட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அப்போது நிர்ணயித்த வட்டி 8.2 சதவீதம். அந்த வட்டியில் 30 லட்சம் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும், ஐந்து வருடத்துக்கு அதே வட்டி மாறாமல். போஸ்ட் ஆபீஸிலோ வங்கியிலோ ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஆனால் அவர் வங்கிக்குப் போனால் பல நேரங்களில் நடப்பது வேறு. 'அதைவிட நல்ல திட்டம் இருக்கிறது சார்' என்று, வருடம் 5 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டிய ஒரு யூலிப் பாலிசி அவர் கையில் திணிக்கப்படும். அறுபது வயதில், சம்பளம் நின்றுபோன மாதத்தில், வருடா வருடம் 5 லட்சம் பிரீமியம்! திட்டமிடலும் விற்பனையும் எங்கே பிரிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

இப்படி ஏதாவது கையெழுத்தாகிவிட்டாலும் உடனே விழித்துக்கொண்டால் தப்பிக்க வழி உண்டு. 2024இல் வந்த விதிப்படி, ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் திரும்பி வரும். இந்த 30 நாள் சமாச்சாரத்தை விற்கும்போதே வாய் திறந்து சொல்பவர் ஓரளவு நேர்மையானவர்.

2. 'இலவச ஆலோசனை' எவ்வளவு விலை?

நம் ஊரில் 'ஃபீஸ் எவ்வளவு?' என்ற கேள்விக்கு '15,000 ரூபாய்' என்று பதில் வந்தால் முகம் மாறிவிடும். 'பேசுவதற்கா பதினைந்தாயிரம்? அவர் இலவசமாகவே சொல்கிறாரே!' என்பார்கள். இலவசமாகச் சொல்பவருக்குக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போடலாம்.

ஒருவர் வருடத் தொடக்கத்தில் 50,000 ரூபாய் வீதம் 20 வருடம் எண்டோமென்ட் பாலிசியில் கட்டுகிறார். மொத்தம் 10 லட்சம். முடிவில் போனஸ் எல்லாம் சேர்த்து 18 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பத்து கட்டினால் பதினெட்டு!' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டிக் கணக்கில் அது வருடத்துக்குச் சுமார் 5.3 சதவீதம்தான். அதே பணத்தை அதே தேதிகளில் 7.1 சதவீத வட்டியில் பி.பி.எஃப்.பில் கட்டியிருந்தால் (2020 ஏப்ரலில் நிர்ணயித்த வட்டி அது) கிட்டத்தட்ட 22 லட்சம். 4 லட்சம் ரூபாய் வித்தியாசம். ஆயுள் காப்பீடு வேண்டும் என்றால் தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுக்கலாம். இளம் வயதுக்காரருக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடே வருடத்துக்குச் சில ஆயிரங்களில் கிடைக்கும்.

இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது? 2023 வரை இருந்த விதிப்படி நீண்ட கால பாலிசிகளில் முதல் வருட பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷனாகப் போகலாம். அதாவது முதல் 50,000இல் 17,500 வரை. 15,000 ஃபீஸ் அதிகம் என்று நினைத்தவர் அதைவிட அதிகமாகத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்!

மியூச்சுவல் ஃபண்டிலும் கதை உண்டு. முன்பு பங்குச் சந்தை ஃபண்டுகளில் 100 ரூபாய் போட்டால் 2.25 ரூபாய் வரை நுழைவுக் கட்டணமாகக் கழியும். செபி 2009 ஆகஸ்ட் 1 முதல் அதை ஒழித்தது. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டிலும் 'டைரக்ட்' என்று தனிப் பிரிவு வந்தது. அதில் விநியோகஸ்தர் கமிஷன் கிடையாது. 'ரெகுலர்' பிரிவில் கமிஷன் உள்ளே ஒளிந்திருக்கும். பங்கு ஃபண்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இருப்பது சகஜம்.

ஒரு சதவீதம்தானே? மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 வருடம் எஸ்.ஐ.பி. போடுகிறார் ஒருவர். கணக்குக்காக 12 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் சுமார் 1 கோடியே 88 லட்சம். 11 சதவீதம் என்றால் சுமார் 1 கோடியே 58 லட்சம். 30 லட்சம் ரூபாய் வித்தியாசம்! (12 சதவீதம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது வெறும் கணக்கு.)

அந்த 30 லட்சத்துக்கு ஈடாக விநியோகஸ்தர் 25 வருடமும் நல்ல சேவை செய்தால் அது நியாயமான விலையாகக்கூட இருக்கலாம். ஆனால் விலை இவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

3. பேப்பர் இருக்கிறதா?

பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. டாக்டரின் போர்டில் பதிவு எண் இருப்பது போலத்தான் இதுவும். செபியின் வலைத்தளத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது நல்லது. வேறு ஒருவருடைய எண்ணைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுபவர்களும் உண்டு.

படிப்பு விஷயத்தில் இரண்டைக் கவனிக்கலாம். பதிவு பெற்ற ஆலோசகர் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் சி.எஃப்.பி. சான்றிதழ் இருந்தால் காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், உயில் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி பெற்றவர் என்று பொருள். ஆனால் சான்றிதழ் என்பது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்குச் சாட்சி. ஒழுங்காக ஓட்டுவார் என்பதற்கு இல்லை.

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும் அவசியம். என்ன வேலை, எவ்வளவு ஃபீஸ், எப்போது நிறுத்திக்கொள்ளலாம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற ஆலோசகர்களுக்கு இது கட்டாயம். 'நமக்குள்ளே எதுக்கு சார் பேப்பர்?' என்று சிரிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

யூடியூபிலும் டெலிகிராமிலும் 'இந்த ஷேர் வாங்குங்கள்' என்று கூவுபவர்களுக்கும் இதே உரைகல்தான். பாடம் நடத்துகிறோம் என்ற பெயரில் பதிவில்லாமல் பங்கு ஆலோசனை விற்றவர்கள் மீது 2023 முதல் செபி அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது. லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் இருப்பது ஒரு தகுதி இல்லை.

4. முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள்?

நல்ல மருத்துவர் உட்கார்ந்தவுடன் மாத்திரை எழுதுவதில்லை. 'எத்தனை நாளாக வலி? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பார். நல்ல ஆலோசகரும் முதல் சந்திப்பில் கேள்விதான் கேட்பார்.

வீட்டில் எத்தனை பேர் இந்தச் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள்? கடன் எவ்வளவு, என்ன வட்டி? நகைக் கடன் இருக்கிறதா? ஆறு மாதம் வேலை இல்லாவிட்டால் சமாளிக்க முடியுமா? அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? வங்கிக் கணக்குகளில் நாமினி பெயர் போட்டிருக்கிறதா? சந்தை 30 சதவீதம் விழுந்தால் தூக்கம் வருமா?

இதையெல்லாம் கேட்காமல் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு ஃபண்டின் பெயரைச் சொல்பவர் திட்டமிடுபவர் இல்லை. பையில் எதைக் கொண்டு வந்தாரோ அதை விற்க வந்தவர்.

வரிசையும் முக்கியம். அவசரத் தேவைக்குப் பணம், மருத்துவக் காப்பீடு, டெர்ம் காப்பீடு, அதிக வட்டிக் கடனை அடைத்தல், இவையெல்லாம் முடிந்த பிறகுதான் முதலீடு. கிரெடிட் கார்டில் வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவரை 12 சதவீதம் எதிர்பார்த்து எஸ்.ஐ.பி. போடச் சொல்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

5. 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரா?

வாடிக்கையாளர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுபவர் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிரிப்டோவில் சம்பாதித்தார் என்று ஒருவர் வந்தால், 'இந்தப் பணம் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்தது, தொடாதீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் சந்தை சரிந்தபோது பலர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். அந்த நேரத்தில் போன் எடுத்து 'பொறுங்கள்' என்று சொன்ன ஆலோசகர்கள் அந்த ஒரு வார்த்தையிலேயே பல வருட ஃபீஸைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டின் நவம்பருக்குள் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

அப்போது மீண்டது போல ஒவ்வொரு முறையும் சீக்கிரம் மீளும் என்று நல்ல ஆலோசகர் சொல்ல மாட்டார். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் அடிக்கடி வரும். சந்தை அடுத்த வருடம் எங்கே இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவரிடம் ஜோசியம் பார்க்கலாம், பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

6. உத்தரவாதம் தருகிறாரா?

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர வெளியூர் உதாரணம் எதுவும் தேவையில்லை.

1990களில் தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்றார்கள். 1998இல் அனுபவ் சரிந்தது. 2009இல் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ். 2012இல் பெருந்துறையில் சுசி ஈமு கோழிப் பண்ணை. நட்சத்திரங்களே விளம்பரத்தில் வந்தார்கள். 2022இல் ஆருத்ரா கோல்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வரை வசூலித்ததாக வழக்கு. வைப்பீட்டாளர்களைப் பாதுகாக்க 1997இலேயே தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டுவிட்டது. சட்டம் வந்த பிறகும் மோசடி நிற்கவில்லை.

மாதம் 30 சதவீதம் என்றால் என்ன என்று ஒருவர்கூடக் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கவில்லையா? எடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் 1 லட்சம் ஒரே வருடத்தில் 23 லட்சத்தைத் தாண்டும். அப்படி ஒரு தொழில் உலகத்தில் இருந்தால் அதை நடத்துபவர் ஊரார் பணத்தைத் தேடி அலைய மாட்டார், வங்கியில் கடன் வாங்கி அவரே கோடீஸ்வரர் ஆகிவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், இந்த நிறுவனங்களுக்கு ஆள் பிடித்தது பெரும்பாலும் வெளியாட்கள் இல்லை. உறவினர், சக ஊழியர், அதே தெருக்காரர். அவர்களும் முதலில் லாபம் வாங்கியவர்கள், மனதார நம்பியவர்கள். அதனால்தான் 'தெரிந்தவர்' என்பது ஒரு தகுதியே இல்லை. நல்ல மனிதர் என்பதும் நல்ல ஆலோசகர் என்பதும் வேறு வேறு.

7. பணம் யார் கைக்குப் போகிறது?

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பெரிய மோசடிகளைத் தடுத்து நிறுத்தும் பூட்டு இதுதான்.

அமெரிக்காவில் பெர்னார்டு மேடாஃப் 2008 டிசம்பரில் பிடிபட்டார். வாடிக்கையாளர் கணக்குகளில் இருப்பதாக அவர் காட்டிய தொகை சுமார் 6,500 கோடி டாலர். அவர் நாஸ்டாக் பங்குச் சந்தையின் முன்னாள் தலைவர். படிப்பு, பதவி, பேர் எல்லாம் இருந்தது. ஆனால் ஆலோசனை சொல்வதும், பணத்தை வைத்திருப்பதும், மாதாமாதம் கணக்கு அனுப்புவதும் எல்லாம் அவர் ஒருவரே. கணக்கு வெறும் காகிதமாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

நல்ல ஆலோசகர் பணத்தைத் தொடவே மாட்டார். காசோலை ஃபண்டின் பெயரில் அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி பெயரில் போக வேண்டும். ஜி-பே, போன்-பே மூலம் அவருடைய சொந்தக் கணக்குக்கு ஃபீஸ் தவிர ஒரு ரூபாய் கூடப் போகக்கூடாது. முதலீடு உண்மையிலேயே நடந்ததா என்பதை அவர் அனுப்பும் எக்ஸெல் ஷீட்டில் பார்க்கக்கூடாது. கேம்ஸ் போன்ற பதிவாளர்களோ டெபாசிட்டரிகளோ நேரடியாக அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் பார்க்க வேண்டும். போன் நம்பரும் ஈமெயிலும் வாடிக்கையாளருடையதாக இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். 'ஓ.டி.பி. சொல்லுங்கள், எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்பது உதவி இல்லை.

8. நம் வீட்டுச் சொத்து அவருக்குப் புரிகிறதா?

புத்தகத்தில் இருக்கும் திட்டம் பங்கு, பாண்டு என்று இரண்டாகப் பிரிக்கும். நம் ஊர்க் குடும்பத்தின் சொத்தோ ஒரு வீடு, கொஞ்சம் நகை, ஊரில் பங்காளிகளோடு பிரிக்காத நிலம், மாதச் சீட்டு என்று இருக்கும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் பாதித் திட்டம்தான்.

'சீட்டு மோசம், நிறுத்துங்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்பவர் விஷயம் தெரியாதவர். 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டா, தெருவில் ஓர் அக்கா நடத்தும் சீட்டா என்று கேட்பவர்தான் தெரிந்தவர். பதிவு பெற்ற சீட்டிலும் நடத்துபவருக்குக் கமிஷன் உண்டு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம். அவசரத்துக்கு எடுக்க நினைப்பவருக்கு அது சரிப்படலாம், கடைசி வரை காத்திருப்பவருக்கு வேறு கணக்கு. இப்படிப் பிரித்துப் பேசத் தெரிய வேண்டும்.

வீட்டுப் பெண்களிடமும் பேசுகிறாரா என்பது இன்னொரு அடையாளம். கணவருக்கு மட்டும் தெரிந்த திட்டம் கணவரோடு போய்விடும். எந்த பாலிசி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பீரோவைக் குடைந்த குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

9. ஃபீஸிலும் வகை உண்டு

ஃபீஸ் வாங்குபவர் என்றாலே உத்தமர் என்று முடிவு செய்யவும் வேண்டாம். சிலர் நிலையான தொகை வாங்குவார்கள். சிலர் முதலீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வாங்குவார்கள். 2025 ஜனவரியில் செபி சொன்ன வரம்பு, ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் நிலையான தொகை என்றால் 1,51,000 ரூபாய், சதவீதம் என்றால் 2.5. இது உச்சவரம்பு, நியாய விலை இல்லை.

1 கோடி ரூபாய்க்கு 1 சதவீதம் என்றால் வருடம் 1 லட்சம். வேலை அதேதான், பணம் வளர வளர ஃபீஸும் வளரும். இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஃபண்டில் இருக்கும் 20 லட்சத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிடலாமா?' என்று கேட்டால் சதவீதக்காரருக்கு வருமானம் குறையும். அவர் நல்ல பதில் சொல்லலாம், ஆனால் சொல்வது அவருக்குக் கஷ்டம். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு நிலையான ஃபீஸே தெளிவு.

மறுபக்கம் இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஃபீஸ் மட்டும் வாங்கும் பதிவு பெற்ற ஆலோசகர்கள் எண்ணிக்கை 2024இல்கூட நாடு முழுவதும் ஆயிரத்தை எட்டவில்லை. அவர்களில் பலர் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். மாதம் 20,000 சம்பளம் வாங்கும் விருதுநகர்க்காரருக்கு 15,000 ஃபீஸ் கொடுக்கும் நிலைமை இல்லை. அவருக்கு அஞ்சல் அலுவலக ஏஜென்ட் அக்காவும், எல்.ஐ.சி. ஏஜென்ட் அண்ணனும்தான் நிதி உலகம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து மாதாமாதம் ஆர்.டி. பணம் வாங்கிப்போகாவிட்டால் அந்தக் குடும்பம் சேமித்தே இருக்காது. குடும்பத் தலைவர் இறந்த வீட்டில், க்ளெய்ம் படிவத்தை நிரப்பி, அலைந்து, பணத்தை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்கள் எத்தனையோ பேர். டைரக்ட் ஃபண்ட் வாங்கும் ஆப் அந்த வேலையைச் செய்யாது.

பிரிட்டனில் 2012 முடிவோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்தார்கள். ஃபீஸ் வெளிப்படையானது. ஆனால் சிறு தொகை வைத்திருப்பவர்களுக்கு ஆலோசகர் கிடைப்பது கடினமானது என்ற குறையும் எழுந்தது. எனவே நாளைக்கே எல்லாக் கமிஷனையும் ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சுலபமான பேச்சு.

ஆக, ஏஜென்ட்டையோ விநியோகஸ்தரையோ ஒதுக்க வேண்டியதில்லை. 'இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?' என்று சிரித்த முகத்தோடு ஒரு முறை கேட்டால் போதும். நேராகப் பதில் சொல்பவரோடு தொடரலாம். மழுப்புபவரை, கோபப்படுபவரை விட்டுவிடலாம். இந்த ஒரு கேள்விக்கு ஃபீஸ் கிடையாது!

கடைசியாக...

ஆலோசகர் கிடைத்துவிட்டார் என்பதால் கணக்கை மறந்துவிட முடியாது. கூட்டு வட்டி, பணவீக்கம், டெர்ம் காப்பீடு, இந்த மூன்றையும் பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்துகொள்ளலாம். அது தெரிந்தவருக்கு முன்னால் விற்பனையாளர் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேசுவார். ஏதாவது தப்பு நடந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் பதிவு பெற்றவர் மீதுதான் அந்தப் புகாருக்குப் பல் இருக்கும்.

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து, முதல் சம்பளம் வரப்போகும் நேரத்தில்தான் 'வரி மிச்சம்' என்று சொல்லிக்கொண்டு முதல் பாலிசி வரும். இருபத்திரண்டு வயதில் போடும் அந்தக் கையெழுத்து இருபது வருடம் கூடவே வரும். அதே நேரத்தில் வீட்டில் அப்பாவின் ஓய்வுப் பணமும் யாருடைய பேச்சுக்கோ காத்திருக்கும். குடும்பத்தில் படித்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இதைச் சொல்பவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?' பதில் தெளிவாகத் தெரியும் வரை பேனாவை மூடியே வைத்திருக்கட்டும்.